கதவண்ணன் விட்ட சொல்

அவசரப் பிரிவில் எல்லோருக்கும் அவர் கதவண்ணன். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. தினமும் காலையில் அதற்கு நேராகக் கையெழுத்துப் போடும்போது அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் போடுகிறார் என்று நர்ஸ்கள் கேலி செய்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வருமுன் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். தியேட்டரை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிய பிறகு வார்டு உதவியாளராக இங்கே சேர்ந்தார். "இந்த மனுஷன் பொழப்பே கதவுலதான். ஆனா வீட்டுக் கதவு மட்டும் கீச்சு கீச்சுன்னு கத்திட்டே கெடக்கும்" என்பது அவர் மனைவியின் நிரந்தரக் குறை.

ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடனே கதவு கிடைத்துவிடவில்லை. பதினொரு வருஷம் அவர் இடது காலாக இருந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மனம் கைமீறிப்போன நிலையில் சிலரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருவார்கள். தன்னையே அடித்துக்கொள்வார்கள், பக்கத்தில் வருகிறவரை அடிப்பார்கள், இல்லாத யாரோடோ சண்டை போடுவார்கள். அது திமிர் இல்லை, நோய். முதலில் டாக்டர் இரண்டு கை தூரத்தில் நின்று பேசிப் பார்ப்பார். விளக்கைக் குறைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், நாக்கில் வைத்தால் கரைகிற மாத்திரையை நீட்டுவார்கள். பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள். அடங்காவிட்டால் தொடையில் ஒரு ஊசி. அந்த ஊசியைப் போட ஐந்து பேர் வேண்டும். தலைக்கு ஒருவர், கைகளுக்கு இருவர், கால்களுக்கு இருவர். யாருக்கு எந்த உறுப்பு என்பது டூட்டி தொடங்கும்போதே முடிவாகிவிடும். ஒருமுறை கடைத்தெருவில் தலைமை நர்ஸ் இவரைப் பார்த்துவிட்டு, கூட வந்த தன் கணவரிடம், "இவர்தான் எங்க இடது கால்" என்று அறிமுகம் செய்துவைத்தார். பக்கத்தில் நின்ற இவர் மனைவி மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் ஒருநாள் ஒரு லாரி ஓட்டுநர் விட்ட உதையில் இவருடைய முழங்கால் சில்லு போயிற்று. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவரால் குந்தி உட்கார முடியவில்லை. குந்த முடியாதவர் காலைப் பிடிக்க முடியாது. எனவே கதவைக் கொடுத்தார்கள்.

கதவு என்றால் சும்மா திறந்து மூடுகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஊசி போடும் அறைக்குள் வீட்டார் வரக் கூடாது. ஆனால் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த சங்கதிகள் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆள் குடித்திருக்கிறாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கீழே விழுந்தாரா, இதயக் கோளாறு உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. டாக்டரால் உள்ளே இருப்பவரை விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே கதவில் நிற்கிறவர்தான் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். வீட்டார் கேள்விக்குப் பதில் சொல்லவா செய்வார்கள்? பிள்ளை பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். யார் யாரெல்லாம் கை கழுவினார்கள், எந்தச் சித்தப்பா என்ன சொன்னார் என்று ஆறாக ஓடும். கதவண்ணன் அதில் கை விட்டு மூன்றே மூன்று வரியை எடுப்பார். உள்ளே திரும்பி, "ஆக," என்று தொடங்குவார். "ஆக, குடி உண்டு. மாத்திரை இல்ல. நேத்து மாடிப்படியில விழுந்திருக்காரு." அவ்வளவுதான். டாக்டர் கை நீட்டுவார், நர்ஸ் மருந்தை எடுப்பார்.

பயிற்சி டாக்டர்களிடம் பெரிய டாக்டர் சொல்வாராம், நோயாளியின் கதையைக் கேட்டு வாங்குவது எப்படி என்று கதவண்ணனிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று. அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் வீட்டில் சுருக்காமல் சொன்னார். மற்றபடி வீட்டிலும் அதே "ஆக"தான். மனைவி தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து முக்கால் மணி நேரம் சொன்னதை, "ஆக, அவங்க குடுத்த சேலை ஒனக்குப் பிடிக்கல" என்று முடித்தவர் அவர். மனைவிக்கு அதில் கோபம் வந்தது. உண்மை அதுதான் என்பதால் கூடுதலாக வந்தது.

அந்த மனுஷனுக்குச் சுருக்குவதில் ஒரு கர்வம் இருந்தது. இருக்கட்டும், யாருக்குத்தான் எதிலாவது இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தப் பையனைக் கொண்டுவந்தார்கள். பையன் என்ன பையன், இருபத்தாறு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடியை அளவுக்கு வெட்டித் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. மூன்று நாளாகத் தூக்கமில்லை. அன்று காலை கடையைத் திறந்ததும், சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிகளுக்குள்ளிருந்து யாரோ தன்னையே பார்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட ஆரம்பித்திருக்கிறான். தடுக்கப் போன கடைக்காரரைத் தள்ளிவிட்டான். உள்ளங்கை கிழிந்து இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவன் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர். செய்தி வந்தபோது மூன்றாம் பாட வேளைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தாராம். மணி அடிக்கிற இரும்புக் கம்பியோடு அப்படியே ஓடிவந்துவிட்டார். வாசல் காவலாளி அதை வாங்கி வைத்த பிறகுதான் தன் கையில் அது இருந்ததே அவருக்குத் தெரிந்தது.

உள்ளே அன்று பெரிய டாக்டரே பேசிப் பார்த்தார். பையன் மாத்திரையைத் துப்பினான். நெற்றியைச் சுவரில் மோதினான், ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை மோதுவதற்குள் ஐந்து பேரும் அவரவர் இடத்துக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, வீட்ல கேளுங்க" என்று டாக்டர் குரல் கொடுத்தார்.

கதவண்ணன் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டு கேட்டார். அந்த அம்மா சொன்னது இது.

"அவன் கெட்ட பையன் இல்ல தம்பி. மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வருதுன்னு பத்து நாளா விட்டுட்டான். கண்ணாடி வெட்டுற மெஷின், தூங்கி விழுந்தா விரல் போயிடும்னு பயம். குடிக்க மாட்டான். பீடி சிகரெட்டுகூடக் கெடையாது. ஊசி மட்டும் அவனுக்கு ஆகாது தம்பி. போன வருஷம் வேற எடத்துல போட்டப்ப..."

கதவண்ணனுக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிவிட்டார். கதவு அதன் போக்கில் மூடிக்கொண்டது. மூடுவதற்கு முன், அந்த இடுக்கு வழியாக இன்னொரு சொல் உள்ளே வந்தது. கழுத்து. அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்னதையெல்லாம் கதவின் ரப்பர் விளிம்பு விழுங்கிவிட்டது.

"ஆக, குடி இல்ல. மாத்திரை விட்டுப் பத்து நாள். ஊசின்னா பிடிக்காதாம்."

"யாருக்குத்தான் பிடிக்கும்" என்றார் டாக்டர். நர்ஸ் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார்.

ஆகாது என்கிற இந்தச் சொல் நம் வாயில் எத்தனை வேலை பார்க்கிறது. இரண்டு ஓரகத்திகளுக்குள் ஆகாது என்றால் பேச்சு வார்த்தை இல்லை. ஒருத்தருக்கு முட்டை ஆகாது என்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். இன்னொருத்தருக்கு முட்டை ஆகாது என்றால் வாசனையே பிடிக்காது, அவ்வளவுதான். ஒத்துக்கொள்ளாததும் ஆகாது, பிடிக்காததும் ஆகாது, பகையும் ஆகாது. எந்த ஆகாது என்று தெரிய வேண்டுமானால் அடுத்த வரி வரைக்கும் நிற்க வேண்டும். கதவண்ணன் நிற்கவில்லை. ஊசியைக் கண்டு பயப்படும் பிள்ளைகளைப் பற்றி அம்மாக்கள் தினமும் அவரிடம் சொல்கிற சொல் அது. இதையும் அதில் சேர்த்துவிட்டார்.

ஊசி போட்ட அரை மணியில் பையன் அடங்கிவிட்டான். விரல் நுனியில் கருவியை மாட்டி மூச்சையும் நாடியையும் கால் மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கைக்குத் தையல் போட்டார்கள். அம்மாவை உள்ளே அனுமதித்தார்கள். இரண்டு மணி வாக்கில் கண் விழித்தவன் நல்லபடியாகவே பேசினான். அம்மா சாப்பிட்டாரா என்று கேட்டான். கடையில் எத்தனை கண்ணாடி உடைந்தது என்று கேட்டு அழுதான். கதவண்ணன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "தேங்க்ஸ்ணே" என்றான்.

மூன்று மணிக்கு அவன் தாடை இறுகியது. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. கண்கள் மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டன. நாக்கு வெளியே தள்ளியது, பேச வரவில்லை. நினைவு மட்டும் முழுசாக இருந்தது. அதுதான் கொடுமை. அம்மா போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. அந்த மருந்து சிலருக்கு இப்படிச் செய்யும், தசைகளை முறுக்கிவிடும். அதற்கு மாற்று மருந்து உண்டு. டாக்டர் வந்து நரம்பில் போட்டார். பத்து நிமிஷத்தில் கழுத்து தளர்ந்து கண்கள் கீழே இறங்கின. டாக்டருக்கு அது பத்து நிமிஷம். அவனுக்கு எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டர் நல்லவர். பையனிடமும் அம்மாவிடமும் பொறுமையாகச் சொன்னார். இது உயிருக்கு ஆபத்தானது இல்லை, இனி இந்த மருந்தை அவனுக்கு யாரும் போடக் கூடாது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதியாயிற்று, வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன என்றார். பிறகு, இதற்கு முன்பு இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். போன வருஷம் வந்தது என்றார் அம்மா.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேற மருந்து போட்டிருப்போமேம்மா."

அந்த அம்மா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவண்ணன் தாழ்ப்பாளைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் ஆராய ஒன்றுமில்லை. அடுத்த படுக்கையிலிருந்து டாக்டரை யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவி, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். "ஆக, ஒரு பையனுக்கு ஊசி ஒத்துக்கல. சரி பண்ணிட்டாங்க" என்றார். சொன்ன பிறகு கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஒத்துக்கல. இதைத்தானே அந்த அம்மா காலையில் சொன்னார். இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போயிருந்தால் போதுமே. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

தவறு யாருக்கும் நேரும். அவசரம், சத்தம், இரத்தம், இரண்டு அர்த்தம் உள்ள ஒரு சொல். இதுவரைக்கும் நடந்ததற்காக அந்த மனுஷன்மீது எனக்குக் கோபம் இல்லை. இனிமேல் சொல்லப்போவதற்குத்தான்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா பையனை மறு பரிசோதனைக்குக் கூட்டிவந்தார். அவன் கட்டடத்துக்குள் வர மறுத்துவிட்டான். அவசரப் பிரிவு வாசலில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, அதன் பக்கத்தில் நின்றுகொண்டான். சலவைச் சட்டை போட்டிருந்தான், கையில் கட்டு இல்லை. அம்மா மட்டும் வாசற்படியில் நின்ற கதவண்ணனிடம் வந்தார்.

"தம்பி, ஊசி ஆகாதுன்னு நான் அன்னைக்கு ஒங்ககிட்ட சொன்னேன்ல? இவன் நம்ப மாட்டேங்குறான். நான் ஒங்ககிட்ட சொல்லவே இல்லன்னு சொல்றான். எந்த மாத்திரை குடுத்தாலும் தொட மாட்டேங்குறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கேட்டுக்குவான்."

அந்த ஒரு வார்த்தைக்காகப் பையன் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு நர்ஸ்கள் நின்றார்கள். வலது கை நின்றார், தலை நின்றார். ஆமாம் என்றால் ஏன் உள்ளே சொல்லவில்லை என்று கேட்பார்கள், விசாரணை வரும், மெமோ வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய டாக்டர் பயிற்சி டாக்டர்களிடம் சொன்னது போய்விடும்.

"ஞாபகம் இல்லம்மா. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரு வர்றாங்க" என்றார்.

பையன் கோபப்படவில்லை. கேட்க வந்தது கிடைத்துவிட்டது என்பதுபோல் ஒருமுறை தலையை ஆட்டினான். "விடும்மா" என்றான் மெதுவாக. ஆஸ்பத்திரி வெளி வாசலைப் பார்த்து நடந்தான். அம்மா பின்னாலேயே ஓடினார்.

பத்து நாளில் அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். போனை வைத்துவிட்டுப் போயிருந்தான். மேஜைமேல் ஒரு புது மூக்குக் கண்ணாடி, கடைப்பெட்டியோடு. அம்மாவின் பார்வை கொஞ்ச நாளாக மங்கிக்கொண்டு வந்ததை அவன் கவனித்திருக்கிறான். புது அளவுக்கு வெட்டிப் பொருத்தி வைத்துவிட்டுத்தான் போனான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், கடைசி மணி அடித்துவிட்டு, நாலரைக்கு அந்த அம்மா அவசரப் பிரிவுக்கு வரத் தொடங்கினார். அடையாளம் தெரியாமல் கொண்டுவரப்படுகிறவர்களுக்கு முகப்பில் ஒரு பதிவேடு இருக்கிறது. பெயர் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது. பெயர் தெரியாத ஆண், வயது சுமார் இருபத்தைந்து, இடது கையில் பச்சை குத்தியது. அம்மா பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுப்பார், கண்ணாடியை மாட்டிக்கொள்வார், விரலை வைத்து வரி வரியாகப் படிப்பார். இல்லை என்றானதும் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைப்பார். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். போகும்போது கதவண்ணனைப் பார்த்து, "வர்றேன் தம்பி" என்பார். ஒரு சுடுசொல் கிடையாது, முகத்தில் ஒரு சுளிப்புக்கூடக் கிடையாது. திட்டியிருந்தால் இவர் தாங்கியிருப்பார்.

கதவண்ணனிடம் ஒரு மாற்றம் வந்தது. வீட்டார் சொல்வதை முழுக்க நின்று கேட்க ஆரம்பித்தார். உள்ளே போய் முழுக்கச் சொல்லவும் ஆரம்பித்தார், சித்தப்பா சொன்னது உட்பட. "அண்ணே, சுருக்கம், சுருக்கம்" என்று பயிற்சி டாக்டர்கள் பல்லைக் கடித்தார்கள். "ஆக" என்ற சொல்லே அவர் வாயிலிருந்து போய்விட்டது. அதை முதலில் கவனித்தவர் மனைவி. தங்கை வீட்டுச் சண்டையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு "ஆக"வுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பயந்துபோய் அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

ஒரு செவ்வாயன்று அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமலே பேசினார். அவருடைய அண்ணன், வாயைத் திறந்து ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது என்கிறாராம். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரும் அதையே கேட்டாராம்.

"நான்தான் சொல்லாம விட்டுட்டேன் போல தம்பி. சொன்ன மாதிரிதான் இருக்கு. ஆனா பதட்டத்துல மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேனோ என்னமோ. பெத்தவ, இதக்கூடச் சொல்லத் தெரியல பாருங்க."

செய்தது இரண்டு தவறு என்று அப்போதுதான் கதவண்ணனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதலில் அந்தத் தாயின் சொல்லை மாற்றினார். பிறகு அவருடைய ஞாபகத்தையே பிடுங்கிக்கொண்டார். உலகத்திலேயே அந்தச் சொல்லைக் கேட்டவர் இவர் ஒருவர்தான், இவரும் கேட்கவில்லை என்றால் அது சொல்லப்படவே இல்லை.

அன்று சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கவில்லை. மனைவி குழாயை மூடிவிட்டுக் கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று இவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"ஊசியன்னைக்கு விட்டது சரி, அவசரம். அந்தப் பையன் ஒங்க மொகத்தையே பாத்துட்டு நின்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு மறுபடி குழாயைத் திறந்துவிட்டார்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னார். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஊசி போட உத்தரவு கொடுத்தவன் நான், கதவு வரைக்கும் நானே வந்து கேட்டிருக்க வேண்டும், உங்கள் சுருக்கம் எனக்கு வசதியாகப் போய்விட்டது என்றார். அந்த வாரமே கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வீட்டார் சொல்வதைச் சொன்னபடியே எழுதி டாக்டரிடம் காட்டவும் என்று அதில் இருந்தது. பெரிய டாக்டரின் அறிக்கையும் மேலே போயிற்று. மெமோவும் வந்தது. கதவண்ணன் வாங்கிக் கையெழுத்துப் போட்டார், இந்த முறை பெயரை யோசிக்காமல். அதெல்லாம் எளிதாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை நாலரை மணிதான் மிச்சம் இருந்தது.

அந்த அம்மா வந்தார். பதிவேட்டில் பெயர் தெரியாத ஆண் ஒருவர், வயது சுமார் ஐம்பத்தைந்து. இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். கதவண்ணன் டூட்டி நேரத்தில் முதல் தடவையாகக் கதவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, முழங்காலைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க சொன்னீங்க. ஊசி ஆகாதுன்னு தெளிவாச் சொன்னீங்க. நான்தான் ஊசின்னா பிடிக்காதுன்னு உள்ள போய்ச் சொன்னேன். அன்னைக்குத் தம்பி முன்னாடி ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே குழாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் அங்கே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் அங்கதான் நின்னான்" என்றார். பிறகு, "அப்ப சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"ஆமாம்மா" என்றார் கதவண்ணன். அழுகை வந்தது. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டார்.

"எழுதிக் குடுங்க. அவன் வந்தா காட்டணும். நான் சொன்னா நம்ப மாட்டான்."

முகப்பில் ஒரு தாளும் பேனாவும் வாங்கிவந்தார். பெஞ்சில் வைத்து எழுதினார். கையெழுத்து கோணல் மாணலாகத்தான் வந்தது. தம்பிக்கு என்று தொடங்கினார். அன்று காலை உன் அம்மா கதவில் நின்று என்னிடம் சொன்னது இது என்று எழுதினார். அவன் கெட்ட பையன் இல்ல என்பதிலிருந்து எழுதினார். மெஷின், விரல், பயம், பீடி சிகரெட்டுகூட இல்லாதது, எதையும் விடவில்லை. ஊசி மட்டும் அவனுக்கு ஆகாது தம்பி என்று எழுதினார். போன வருஷம் வேற எடத்துல போட்டப்ப என்று எழுதி அங்கே நிறுத்தினார். இது எனக்குக் கேட்டது, உள்ளே தப்பாகச் சொன்னது நான், அம்மா இல்லை என்று முடித்துத் தாளைக் கொடுத்தார்.

அந்த அம்மா பதிவேட்டைப் படிப்பதுபோலவே விரலை வைத்து, உதடு அசைய, வரி வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஏதோ திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு வரியில் விரல் நின்றது.

"இதுக்கப்புறம் ஒண்ணு சொன்னேன் தம்பி. இப்பத்தான் ஞாபகம் வருது. கழுத்துன்னு சொன்னேன். கழுத்து இழுத்துக்கிச்சுன்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள கதவு சாத்திருச்சு." நிமிர்ந்து இவரைப் பார்த்தார். "அது ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

இவருக்காக அந்த அம்மாவே ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். யாரும் எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

"கேட்டுச்சும்மா" என்றார்.

அந்த அம்மா தாளைத் திருப்பி நீட்டினார். கதவண்ணன் பேனாவை எடுத்து, விட்ட இடத்தில் கழுத்து என்று எழுதினார். அதன் கீழே, இதுவும் கேட்டது என்று எழுதினார். அந்த அம்மா வாங்கி மறுபடி முதலிலிருந்து படித்தார். நாலாக மடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். தாள் உள்ளே இருந்ததால் கண்ணாடிக்கு அதில் இடமில்லை. அதை மாட்டிக்கொண்டே எழுந்து, குழாயைத் தாண்டி, வாசலைப் பார்த்து நடந்தார்.

வர்றேன் தம்பி என்று அன்று அவர் சொல்லவில்லை.